சொல்லத் தோன்றாததும் படத்தில் இருக்கிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"ஆற அமரப் போய்வந்த பயணங்களின் நினைவை நமக்குக் காத்துத் தருவது எடுத்த படங்களா, பேசிய பேச்சா?" இதுதான் இன்றைய தலைப்பு. படங்களே என்று சொல்லும் அணியில் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் மனம் நெகிழப் பேசினார். குடும்பத்தோடு காரில் நெடுந்தூரம் போகும்போது, வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருப்பவர்கள்கூட ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்கிறார்கள். முகம் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் வீட்டில் வராத பேச்செல்லாம் வருகிறது என்றார். அது உண்மை. என் அப்பா தன் சின்ன வயதைப் பற்றிச் சொன்னதெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னதுதான். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பயணத்தில் எது இனித்தது என்று தலைப்பு கேட்கவில்லை. இருபது வருடம் கழித்து எது நம் கையில் மிஞ்சுகிறது என்று கேட்கிறது. அந்த இடத்தில்தான் நானும் அவரும் பிரிகிறோம்.

அவர் பெர்த்தா பென்ஸின் கதையைச் சொன்னார். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் அம்மாவைப் பார்க்கக் கிளம்பிப் போன பெண்மணி. நூறு கிலோமீட்டருக்கு மேல். உலகின் முதல் குடும்பக் கார் பயணம் என்றே அதைச் சொல்லலாம். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி எடுத்தார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக்கில் ஒரு மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைப் பிடித்து அதன்மேல் தோல் வைக்கச் சொன்னார். "பார்த்தீர்களா, இத்தனை வருடமாக இது வாய்வழிக் கதையாகத்தானே உயிரோடு இருக்கிறது" என்று கேட்டார் எதிரணித் தலைவர். அவையும் கைதட்டியது. நானும் தட்டினேன், கதை அப்படி.

சரி, அந்தக் கதையில் என்னென்ன மிஞ்சியிருக்கிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஊசி, மருந்துக்கடை, தோல். எல்லாம் கோளாறு, கோளாறு, கோளாறு. ஏனென்றால் கோளாறுதான் கதையாகும். வண்டி நன்றாக ஓடிய நேரத்தை யாரும் கதையாகச் சொல்வதில்லை. மூத்த மகன் ஓய்கனுக்கு 15 வயது, இளையவன் ரிச்சர்டுக்கு 13. ஏற்றத்தில் வண்டியைத் தள்ளினார்கள் என்று கதை சொல்கிறது. சமதரையில் வண்டி ஒழுங்காக ஓடிய அந்த நீண்ட நேரத்தில் அம்மா அவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வை, இளையவன் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தான் என்பது, இதெல்லாம் கதைக்குள் வரவில்லை. வரவும் வராது. பேச்சின் சுபாவமே அதுதான்: சொல்லத் தகுந்தது என்று பட்டதைத்தான் அது தூக்கிக்கொண்டு வரும்.

அதே 1888இல், கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் தன் முதல் கோடாக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை படம் எடுப்பது என்றால் கண்ணாடித் தகடு, முக்காலி, ரசாயனப் புட்டி, அதற்கென்று பழகிய ஆள். இந்தப் பெட்டியிலோ 100 படத்துக்கான சுருளை உள்ளேயே மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். எடுத்து முடித்தபின் பெட்டியையே ராச்செஸ்டர் தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்களைக் கழுவிப் பிரிண்ட் போட்டு, புதுச் சுருளும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். படங்கள் வட்டவட்டமாக இருக்கும். அந்த வட்டப் படங்களில் கடற்கரைக் காட்சிகளைப் பார்த்திருக்கிறீர்களா? பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் நனைக்கிற பெண்கள், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலைத் தோண்டுகிற குழந்தைகள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. அவர்களைப் பற்றி ஒரு கதையும் நமக்கு வந்து சேரவில்லை. ஆனால் தண்ணீர் சில்லென்று பட்டதும் ஒருத்தி தோளைக் குறுக்கியது நூறு வருடத்துக்கு மேலாகியும் அப்படியே இருக்கிறது. இதைப் பேச்சால் செய்ய முடியுமா, நடுவர் அவர்களே?

அடுத்து, எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு வருத்தத்தைச் சொன்னார். கடல் முன்னால் விரிந்து கிடக்கிறது, இவர்கள் அதைக் கண்ணால் பார்க்காமல் கேமரா வழியாகவே பார்க்கிறார்களே என்று. அவர் அக்கறையோடு சொன்னதால் இதற்கு நின்று பதில் சொல்ல விரும்புகிறேன்.

1850களில் கடலைப் படம் எடுத்தவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அந்தக் காலத்து ரசாயனத் தகடு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். கடலுக்குச் சரியாக ஒளி காட்டினால் வானம் வெளுத்துப்போகும். மேகத்துக்குச் சரியாகக் காட்டினால் கடல் இருண்டுபோகும். குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? சில கடல் படங்களுக்கு வானத்தைத் தனித் தகட்டில் எடுத்தார், தண்ணீரைத் தனித் தகட்டில் எடுத்தார், பிறகு இரண்டையும் தொடுவானத்தில் பொருத்தி ஒரே படமாகப் பிரிண்ட் போட்டார். 1857 வாக்கில் செத் என்ற துறைமுக ஊரில் அவர் எடுத்த அலைப் படங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இப்படிச் செய்ய ஒருவர் எவ்வளவு நேரம் கடலைப் பார்த்திருக்க வேண்டும்! இந்த மேகத்துக்கு இந்தத் தண்ணீர் பொருந்தும், இந்த வெளிச்சம் அந்த அலையில் இப்படித்தான் விழும் என்று தெரிய வேண்டுமே. சும்மா கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர் கண்ணுக்கு அது பட்டிருக்காது.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். அப்பாவிடம் ஒரு பிலிம் கேமரா இருந்தது. ஒரு ரோலில் 36 படம். ஒரு பயணத்துக்கு ஒரு ரோல்தான், அதற்குமேல் வாங்க மாட்டார். அதனால் ஒரு படம் எடுக்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் இருக்கிறதே! கடற்கரைக்குப் போனால் முதல் அரைமணி நேரம் கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், கை அதன்மேல் போகாது. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பக்கத்தில் நிற்பேன். ஒருநாள் சொன்னார்: "அலையைப் பார்க்காதே, அலை போனதுக்கப்புறம் மணலைப் பார்." பார்த்தேன். அலை பின்வாங்கியதும் ஈரமணல் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. வானம் முழுக்க அதில் தலைகீழாகத் தெரிகிறது. மூன்று எண்ணுவதற்குள் தண்ணீரை மணல் உறிஞ்சிவிடும், வானம் மங்கிப்போகும். அந்த மூன்று எண்ணிக்கைக்குள் அழுத்த வேண்டும். அப்புறம் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார்: கடற்கரையில் மணலும் நீரும் வெளிச்சத்தை அள்ளி வீசுவதால் கேமராவின் ஒளிமானி ஏமாந்துவிடும், முகங்களெல்லாம் கறுத்துப்போகும், அதனால் ஒரு படி கூடுதலாக ஒளி விட வேண்டும் என்று.

நான் இன்றுவரை எந்தக் கரையில் நின்றாலும் முதலில் என் கண் போவது பின்வாங்கிய அலையின் ஈரத்துக்குத்தான். அந்தப் பார்வையை எனக்குக் கொடுத்தது கேமரா. கேமரா இல்லாவிட்டால் அப்பாவும் நானும் அந்த அரைமணி நேரம் அங்கே நின்றிருக்கவே மாட்டோம்.

எதிரணி ஓர் ஆய்வையும் எடுத்துக் காட்டியது. நியாயமான ஆய்வுதான், மறைக்க மாட்டேன். லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், சில பொருள்களைப் படம் எடுக்கச் சொன்னார், சிலவற்றை வெறுமனே பார்க்கச் சொன்னார். மறுநாள் கேட்டால், படம் எடுத்தவை குறைவாகவே நினைவில் இருந்தன. 2014இல் வெளிவந்தது. எதிரணி இதோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் அதே ஆய்வில் மீதியும் இருக்கிறது. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகக் குறிவைத்து எடுக்கச் சொன்னபோது அந்தக் குறைவு ஏற்படவில்லை. அதிலும் வியப்பு என்னவென்றால், நெருக்கி எடுத்த பகுதி மட்டுமல்ல, படத்துக்குள் வராத மீதிப் பகுதியும் நினைவில் நின்றது. ஆக, நினைவு கெடுவது கேமராவால் இல்லை, பார்க்காமல் அழுத்துவதால். 2017இல் வந்த இன்னோர் ஆய்வில், எதை எடுப்பது என்று தாங்களே தேர்ந்து எடுத்தவர்களுக்குப் பார்த்தவை கூடுதலாகவே நினைவிருந்தன. கேட்டவை குறைந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கிறவன் காதில் பேச்சு கொஞ்சம் குறைவாகத்தான் விழும். அதற்கு உரிய மதிப்பெண்ணை எதிரணிக்கே கொடுங்கள் நடுவர் அவர்களே, நான் தடுக்கவில்லை.

ஆனால் அந்தக் காதில் விழுந்த பேச்சு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபிரெட்ரிக் பார்ட்லெட் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1932இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று இது. படிப்பவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு கதையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நாள் கழித்து, வாரம் கழித்துத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கதை சுருங்கியது. புரியாத இடங்கள் உதிர்ந்தன. தங்களுக்குப் பழக்கமான பொருள்கள் வந்து ஒட்டிக்கொண்டன. சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. மனசு அப்படித்தான் வேலை செய்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு டயர் கதை உண்டு. ஒரு பயணத்தில் நடுவழியில் டயர் பஞ்சர், அப்பா ஜாக்கி வைத்து மாற்றினார், கொட்டுகிற மழை, நாங்கள் எல்லோரும் தொப்பலாக நனைந்தோம். இதை நான் நூறு முறை கேட்டிருக்கிறேன், ஐம்பது முறை நானே சொல்லியிருக்கிறேன். என் சட்டை முதுகில் ஒட்டியது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். அம்மா எடுத்தது. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து நட்டைத் திருகிக்கொண்டிருக்கிறார். சாலை வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடக்கிறது. அவர் நிழல் கத்தியால் நறுக்கினாற்போல் தரையில் விழுந்திருக்கிறது. நான் பக்கத்தில் நிற்கிறேன், கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, வெயிலுக்கு. மழை வேறு ஏதோ ஒரு பயணத்தில் பெய்திருக்கிறது. எங்கள் பேச்சு அதை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

அந்தப் படத்தைப் பார்த்து எனக்குக் கஷ்டமாக இல்லை. மாறாக, அப்பா அந்த வெயிலில் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக உறைத்தது. கழுத்து வியர்வையில் மின்னுகிறது. காலருக்குள் கைக்குட்டையைச் செருகி வைத்திருக்கிறார். மழைக் கதையில் அவர் வீரர். படத்தில் அவர் களைத்துப்போன மனிதர், முப்பத்தைந்து வயதுக்காரர், இப்போதைய என்னைவிடச் சின்னவர்.

கைபேசியைப் பற்றியும் எதிரணி கேட்டது. ஆயிரக்கணக்கில் எடுத்து வைத்திருக்கிறீர்களே, எத்தனை பேர் திறந்து பார்க்கிறீர்கள் என்று. நல்ல கேள்வி. பார்ப்பதில்லை, அது குறைதான். நான் செய்வதைச் சொல்கிறேன்: ஒவ்வொரு பயணத்துக்கும் 36 படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் போடுகிறேன். அப்பாவின் எண்ணிக்கை அது. தேர்ந்தெடுக்க ஒரு மாலை முழுக்க ஆகும், வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள், இது வேண்டும் அது வேண்டாம் என்று வாக்குவாதம் நடக்கும். அந்த மாலையில் வருகிற பேச்சு இருக்கிறதே, எதிரணி நண்பர்களே, நீங்கள் போற்றுகிற அதே பேச்சுதான். அது படத்தின் காலடியில் உட்கார்ந்துகொண்டுதான் வருகிறது.

இதை வெறும் வீட்டு அனுபவமாக மட்டும் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு மருத்துவ ஆய்வு 2007இல் வெளியானது. மூளையழற்சியால் நினைவாற்றல் மோசமாகப் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி. அறுபதைத் தாண்டியவர். சில நாளுக்கு முன் எங்கே போனோம் என்பதுகூட அவரிடம் தங்காது. அவர் கழுத்தில் ஒரு சின்னக் கேமராவைத் தொங்கவிட்டார்கள். யாரும் அழுத்த வேண்டியதில்லை, அதுவாகவே படம் எடுத்துக்கொண்டிருக்கும். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்தப் படங்களைக் கணவரோடு உட்கார்ந்து பார்த்தார். இரண்டு வாரம் இப்படிப் பார்த்தபின், அந்த நிகழ்ச்சிகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அவரால் நினைவுகூர முடிந்தது. மாதக்கணக்கில் அது நிலைத்தும் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, வேறு சில நிகழ்ச்சிகளைக் கணவர் நாட்குறிப்பில் எழுதிவைத்து அதே போலச் சேர்ந்து படித்தார்கள். சொற்களால் அந்த அளவுக்கு மீட்க முடியவில்லை. இரண்டு முறையும் அதே கணவர், அதே அக்கறை, அதே பேச்சு. மாறியது ஒன்றுதான், அவர்கள் முன்னால் இருந்தது எழுத்தா படமா என்பது.

இதில் என்னை உலுக்கியது இன்னொன்று. அவை அழகான படங்கள் இல்லை. யாரும் சிரிக்கச் சொல்லி எடுத்தவை இல்லை. மேசையின் ஓரம், யாரோ ஒருவர் தோள், பாதிக் கதவு, இப்படி எதுவும் அதில் விழுந்திருக்கும். யாருக்கும் சொல்லத் தோன்றாத விஷயங்கள். அவைதாம் அவரைக் கைபிடித்து அந்த நாளுக்குள் அழைத்துப் போயின.

அப்படிப்பட்ட படம் எங்களிடமும் ஒன்று இருக்கிறது. பிலிம் கேமரா வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். புது ரோல் மாட்டி மூடியதும், வெளிச்சம் பட்ட முன்பகுதியைத் தள்ளிவிட இரண்டு மூன்று தடவை வெற்றாக அழுத்துவோம். எண் காட்டி ஒன்றுக்கு வந்தபின்தான் உண்மையான படம். ஒரு விடிகாலை, சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே அப்பா ரோல் மாட்டினார். கேமரா மடியில் இருந்தது. எதையும் பார்க்காமல் வெற்றாக அழுத்தினார். பாதி வெளுத்துப்போன அந்தத் துண்டை ஸ்டுடியோவில் பிரிண்ட் போடவில்லை. நெகட்டிவ் சுருளின் நுனியில் அது கிடந்தது, கிட்டத்தட்ட இருபத்தைந்து வருடம்.

அப்பா காலமானபின் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்ய எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. இடது பாதி வெறும் வெள்ளை. நடுவே செம்மஞ்சளாக ஒரு கோடு. வலது பாதியில், கொஞ்சம் மசமசவென்று, முன் இருக்கையில் அம்மா. உடம்பை முழுக்கத் திருப்பி, பின்னால் தூங்குகிற தம்பியின் தலையைத் தூக்கி, அடியில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் படம். அந்தப் பயணத்தைப் பற்றி எங்கள் வீட்டில் எத்தனையோ கதை உண்டு. இது ஒன்றில்கூட இல்லை.

அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல்டா" என்றார். "திரும்பிடலாமான்னு கேட்டேன். மெதுவாவே ஓட்டுறேன்னு சொன்னார் அப்பா. அன்னைக்கு முழுக்க மெதுவாத்தான் ஓட்டினார்." அந்தப் பயணத்தில் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் போனோம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்பா படம் எடுத்தார் என்பதுதான் எனக்குத் தெரிந்த கதை. ஏன் நிறுத்தினார் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. தம்பிக்கே தெரியாது.

அதன் பிரிண்ட் இதோ. நேரம் முடிந்ததாக மணி அடித்துவிட்டார்கள், இதை மட்டும் உங்கள் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. வலது ஓரத்தில் பாருங்கள், அம்மாவின் இடது கை. துண்டை மடித்து வைப்பது வலது கை. இடது கை தம்பியின் நெற்றியில் இருக்கிறது.